சனி ஞாயிறில் வராத வருத்தம்

2025 மே 20, செவ்வாய்

காலையிலிருந்து பதினான்காம் இலக்க வாகனத் தரிப்பிடம் திரையில் சிவப்பாகவே நின்றது. சிவப்பு என்றால் அங்கே வாகனம் நிற்கிறது என்று அர்த்தம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவ்வளவு நேரம் ஒருவரும் வாகனத்தை விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். யாரோ தரையில் பூட்டிய எங்கள் கருவியின் மேல் பொலித்தீன் கட்டிவிட்டார்கள், அது ஓட்டோக்காரர்களின் வேலைதான் என்று முடிவெடுத்துக்கொண்டேன். நாங்கள் கருவி பூட்டிய நாளிலிருந்து அவர்களுக்கு எங்களைக் கண்ணில் காட்டக்கூடாது. வெயிலுக்குள் இறங்கிப் போய்ப் பார்த்தால், கோட்டைப் பக்கத்தில் திரிகிற மான் ஒன்று தரிப்பிடத்தின் நடுவில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கிறது.

"மிஸ், மானுக்கு டிக்கட் குடுங்கோ" என்றார் ஓர் ஓட்டோக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

கந்தோருக்கு வந்து சிந்துஜனிடம் சொன்னேன். அவன் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், "கருவி பிழை சொல்லேல்லை அக்கா. ஏதோ ஒண்டு நிக்குது எண்டுதானே சொன்னது" என்றான். பெரிய கண்டுபிடிப்பு.

பல்கலைக்கழக வளாகத்தில் எங்கள் ஆராய்ச்சி மூன்று பிரிவு. நகரத்தில் வாகனத் தரிப்பிடம், கிண்ணியாவில் மாடுகளுக்குக் கழுத்துப்பட்டி, நோயாளிகளுக்கு நாடித்துடிப்பு அளக்கும் கைப்பட்டி. மூன்றுக்கும் ஒரே அறை. ஆட்களையும் மாடுகளையும் தெரிந்தெடுத்துப் பட்டி கட்டிவிடுவது என் வேலை. வருகிற இலக்கங்களைத் தொகுத்து டொக்டருக்கும் மாட்டு வைத்தியருக்கும் அனுப்புவது சிந்துஜனின் வேலை. எங்கள் இருவரையும் மேய்ப்பது பேராசிரியர் கனகசுந்தரம்.

மான் கதையை அம்மாவிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீ பிறந்த அண்டைக்கே மருத்துவிச்சியைச் சந்தேகமாத்தான் பாத்தனி" என்றார்.

மே 22, வியாழன்

அம்மாவின் கைப்பட்டி இன்று எச்சரிக்கை கொடுத்தது.

முற்பகலில் சிந்துஜன் கூப்பிட்டான். "அக்கா, இருபத்திரண்டாம் இலக்கம் உங்கட அம்மாதானே? துடிப்பு இடையிடையே நிண்டு நிண்டு வருது." உடனே வீட்டுக்குப் போன் எடுத்தேன். அம்மா ஆறுதலாகத்தான் எடுத்தார். மூச்சு வாங்கவில்லை, குரலில் மாற்றமில்லை.

"எனக்கு ஒண்டும் இல்லைப் பிள்ளை. முருங்கையிலை ஆய்ஞ்சுகொண்டிருக்கிறன்."

ஒன்றும் இல்லை என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அப்பாவும் அப்படித்தான் சொன்னார், நெஞ்சைத் தடவிக்கொண்டு. அம்மாவுக்கு ஏற்கெனவே பிரஷர் இருக்கிறது, போன வருஷம் இரண்டு தரம் தலைசுற்றி விழுந்தார். அதனால்தான் தை மாதம் பட்டி கட்டிவிட்டேன். பின்னேரம் வந்து கையைப் பிடித்துப் பார்த்தேன். பட்டி கையில் இருக்கிறது, துடிப்பும் ஒழுங்காக இருக்கிறது. முருங்கையிலைச் சுண்டலும் நன்றாக இருந்தது.

மே 23, வெள்ளி

இன்றும் அதே. அம்மாவும் அதே. "ஒண்டும் இல்லை."

மே 26, திங்கள்

அம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் ஷாமிலா ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"சில பேருக்கு இது வந்து வந்து போகும். கிளினிக்கில பிடிபடாது, அதுக்குத்தானே ஒங்கட பட்டி" என்றார் டொக்டர்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் அம்மா கேட்டார், "மிசின் சொல்லுறது பிழைக்காதோ?" பிழைக்காது என்றேன். "அப்ப சரி" என்றார். என்ன சரி? கேட்டால் மழுப்புவார் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உடுப்பு மாற்றாமலே பக்கத்து வீட்டு நல்லம்மா மாமியிடம் போய்விட்டார். மாமி தனி ஆள். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை, கைப்போனும் இல்லை. மத்தியானச் சாப்பாடு அம்மாவோடுதான். தை மாதம் நான் ஆட்களைத் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தபோது, நல்லம்மாக்காவையும் சேர்க்க ஏலாதோ என்று அம்மா கேட்டார். எச்சரிக்கை வந்தால் போன் எடுக்க வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும், தனியாக இருப்பவர்களைச் சேர்ப்பதில்லை என்பது எங்கள் விதி.

"அவ தனிய இருக்கிறபடியாத்தானே கேக்கிறன்" என்றார் அம்மா.

விதி விதிதான், ஒரு பிசகு வந்தாலும் என் வேலை போய்விடும் என்று சொல்லி வாயை அடைத்தேன்.

மே 31, சனி

இரண்டு கிழமை அளவீடுகளையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

அம்மாவின் இருதயம் சனி ஞாயிறில் லீவு எடுக்கிறது! வார நாளில் நான் வேலைக்குப் போன பிறகு தடுமாறத் தொடங்குகிறது. நான் வீடு திரும்ப முன்னரே சரியாகிவிடுகிறது. இரவில் ஒரு பிசகும் இல்லை. கந்தோர் நேரம் பார்த்து வருகிற வருத்தம் ஒன்றை இந்த உலகத்தில் யாராவது கேள்விப்பட்டதுண்டா?

கந்தோர் நேரத்தில் அந்தத் திரைக்கு முன்னால் இருப்பது யார்?

சித்திரையில் தேத்தண்ணி குடிக்கும்போது சிந்துஜன் சொன்னது இப்போது நினைவுக்கு வருகிறது. "எல்லாரும் சுகமா இருந்தால் நான் எதை வைச்சு ஆய்வுக் கட்டுரை எழுதுறது அக்கா?" அன்றைக்கு நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

நாள் முழுக்க அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன, என்னைப் புதினமாப் பாக்கிறாய்?" என்று கேட்டார். துடிப்பு நேராக இருக்கிறது. இன்றைக்கு ஞாயிறு அல்லவா, எப்படித் தடுமாறும்?

ஜூன் 3, செவ்வாய்

கிண்ணியாவுக்குப் போய் வந்தேன். குறிஞ்சாக்கேணியில் அப்துல் மஜீத் நானாவின் மாடு ஒன்றுக்கு ஏழாம் இலக்கக் கழுத்துப்பட்டி கட்டியிருக்கிறோம். தை மாதம் நானே கட்டினேன், ஒரு சிவலைப் பசு. மாட்டு வைத்தியர் பார்த்துச் சினை என்று உறுதி சொன்ன பசு. ஆனால் சித்திரையிலிருந்து அந்தப் பட்டி வேறு கதை சொல்கிறது. மூன்று கிழமைக்கு ஒரு தரம் மாடு நிலைகொள்ளாமல் நடக்கிறது, உடம்பு சுடுகிறது. அது சினைப்படாத மாடு காளை தேடுகிற இலட்சணம். சினை மாடு அப்படிச் செய்யாது.

நான் போனபோது மாடுகள் மேய்ச்சலுக்குப் போய்விட்டன. எப்போதும் அப்படித்தான். நான் போகிற நேரம் வீட்டில் மஜீத் நானாவும் தேத்தண்ணியும்தான் இருக்கும்.

"சினை மாடு எப்படி நானா?"

"சுகமாத்தான் இருக்காம் மிஸ்."

அது என்ன "இருக்காம்"? சொந்த மாட்டைப் பற்றி ஊரார் சொன்னதுபோல் ஒரு பேச்சு. கன்று கலைந்துவிட்டதோ, மறைக்கிறாரோ? கேட்டால் பொய்தான் வரும் என்று நான் மேலே கேட்கவில்லை. சீனி கூடிய தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 4, புதன்

படுக்கையில் கிடந்து யோசித்தேன். சினைமாடு காளை தேடாது. அம்மாவின் இருதயம் கிழமை பார்த்துத் தடுமாறாது. நடக்க முடியாத இரண்டு காரியங்கள் ஒரே அறையிலிருந்து, ஒரே ஆளின் கையிலிருந்து வந்திருக்கின்றன. வேறு மாட்டின் அளவீட்டை ஏழாம் பட்டிக்குப் போட்டிருக்கிறான். வேறு யாரோ ஒருவரின் துடிப்பை என் அம்மாவுக்குப் போட்டிருக்கிறான். கருவி வேலை செய்கிறது என்று காட்ட அவனுக்கு ஒரு நோயாளி வேண்டும். என் அம்மாதான் கிடைத்தாரா?

ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள். மஜீத் நானா கிண்ணியா பஸ் கொண்டக்டரிடம் வட்டிலப்பம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். ஏன் இந்த வருஷம் மட்டும்? அம்மா அரைவாசியை நல்லம்மா மாமிக்கு எடுத்து வைத்துவிட்டு, "பேசாமல் தின்" என்றார்.

ஜூன் 10, செவ்வாய்

பொசன் போயா. அரசாங்க விடுமுறை. கந்தோர் பூட்டு. நானும் வீட்டில்தான்.

வார நாள்தான், ஆனாலும் அம்மாவின் துடிப்பில் ஒரு பிசகும் இல்லை. அவனும் இன்று கந்தோரில் இல்லை. எனக்கு இனி வேறு சாட்சி தேவையில்லை.

ஜூன் 12, வியாழன்

பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துக் கேட்டார். பிறகு சிந்துஜனைக் கூப்பிட்டார்.

"நான் ஒரு இலக்கமும் மாத்தேல்லை சேர்" என்றான். முகம் வெளிறிப் போனது. என் பக்கம் திரும்பினான். "அக்கா, என்னைப் பற்றி என்னவும் நினையுங்கோ. ஆனால் அம்மாவைக் கெதியாக் காட்டுங்கோ. அது பொய் இல்லை."

நல்ல நடிப்பு என்று நினைத்தேன். விசாரணை முடியும் வரை அவன் வரவேண்டாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். தன் சாப்பாட்டுப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். வாசலில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு ஒரு நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன்.

டொக்டர் ஷாமிலாவுக்கும் போன் எடுத்தேன். "பொய்யெண்டு நிச்சயமாத் தெரியுமா? தெரியாட்டி நான் உண்மை எண்டு வைச்சுத்தான் நடப்பன்" என்றார்.

ஜூன் 13, வெள்ளி

அவன் இல்லாத முதல் நாள். அம்மாவின் துடிப்பு மறுபடியும் தடுமாறியது. வீட்டிலிருந்தும் கந்தோர்க் கணினிக்குள் நுழையத் தெரிந்தவன்தானே. கடவுச்சொல்லை மாற்றச் சொன்னேன்.

ஜூன் 16, திங்கள்

கடவுச்சொல்லை வெள்ளியே மாற்றியாயிற்று. துடிப்பு மாறவில்லை.

அப்படியென்றால்?

ஜூன் 17, செவ்வாய்

டொக்டர் ஷாமிலா கண்டி ஆஸ்பத்திரியில் கட்டில் ஒழுங்கு பண்ணிவிட்டார். ஜூலை முதல் கிழமை. அங்கே வார்ட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, தேவையென்றால் நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைப்பார்களாம். என் அம்மாவின் நெஞ்சைக் கீறப் போகிறார்கள். அவன் சொன்னது உண்மையாக இருந்தால் அம்மாவுக்கு ஆபத்து. பொய்யாக இருந்தால் அம்மாவைச் சும்மா அறுக்கப் போகிறார்கள். இரண்டில் எதை வேண்டிக் கோயிலுக்கு நேருவது?

அம்மாவிடம் சொன்னேன். முதலில் கண்டிக்கெல்லாம் போகேலாது என்று ஒரே பிடி. குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவினார். பிறகு வந்து கதிரையில் இருந்துகொண்டு சொன்னார்: "சரி, போறன். ஆனால் நல்லம்மாக்காவும் துணைக்கு வரவேணும்."

மாமி வீட்டுப் படி ஏறவே இரண்டு தரம் நின்று மூச்சு வாங்குகிற ஆள். கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. அவரா அம்மாவுக்குத் துணை? நான் வருகிறேனே என்றேன். "நீ வா. அவவும் வரட்டும். இல்லாட்டி நான் பஸ் ஏறமாட்டன்."

என்னவோ மறைக்கிறார். அம்மாவுக்குச் சாகப் பயம் என்றுதான் நினைக்கிறேன், பழகின முகம் பக்கத்தில் வேண்டியிருக்கிறது. எனக்கும் பயம்தான். அம்மா இல்லாவிட்டால் இந்த வீட்டில் நான் யாரைச் சந்தேகப்படுவது?

ஜூன் 19, வியாழன்

ஆஸ்பத்திரி விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

விசாரணைக்கு ஏழாம் பட்டியைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் பேராசிரியர். மாடுகள் மேய்ச்சலுக்குப் போக முன் பிடிக்க வேண்டும் என்று முதல் பஸ்ஸில் குறிஞ்சாக்கேணிக்குப் போனேன். மாடுகள் எல்லாம் கட்டையில் நின்றன. சிவலைப் பசுவைத் தேடினேன். இல்லை. ஏழாம் பட்டி சினைப்படாத ஒரு வெள்ளைக் கிடாரியின் கழுத்தில் கிடந்தது.

"நானா, இது நான் கட்டின மாடு இல்லையே!"

"இல்ல மிஸ். அத பங்குனியிலயே மூதூருக்குக் குடுத்தாச்சு. ஏண்ட மச்சான்தான் வாங்கினவர். சினை மாடு, சுகமாத்தான் இருக்காம்."

"அப்ப பட்டி?"

என்னை விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "மாட்ட விக்கக்குள்ள கழுத்துக் கயித்தக் குடுக்கிறல்ல மிஸ். வாங்க வாறவர்தான் அவர்ட கயித்தக் கொண்டரோணும். எங்கட கயிறு எங்கட ஊட்டோட நிக்கணும், இல்லாட்டி மாடு பெருகாது. ஒங்கட சாமானும் கழுத்திலதானே கிடந்திச்சு? கயித்தோட கழட்டி இவளுக்குக் கட்டிட்டன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"ஒங்கட சாமானத் துலைக்காமப் பாத்துக்கச் சொன்னீங்க. பாத்துக்கிட்டன். மாட்டோட அனுப்பியிருந்தா நான் கள்ளனாப் போயிருப்பனே!"

உண்மைதான். பட்டியைக் கவனம் என்றுதான் ஒவ்வொரு தரமும் சொன்னேன். எந்த மாடு என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அப்போது அவருடைய மனைவி ஜெஸீமா வாசலில் நின்று சொன்னார், "வைகாசியில ஒங்கட கந்தோர்த் தம்பியும் வந்தாரே. ஏழாம் பட்டி மாடு ஒரு மாதிரி நடக்குதே, சுகமா எண்டு கேட்டாரு. சுகம்தான் எண்டு சென்னோம். கிடாரிக்கு என்ன, சுகம்தானே."

சிந்துஜன் வந்திருக்கிறான். தன்பாட்டில், பஸ் ஏறி, கேட்டுப் பார்க்க வந்திருக்கிறான்.

பட்டி சொன்னதெல்லாம் சரி. அவன் அனுப்பியதும் சரி. கழுத்துத்தான் வேறு. கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறும்போது எனக்கு அந்த மானின் நினைவு வந்தது. ஏதோ ஒன்று நிற்கிறது என்றுதான் கருவி சொன்னது. கைப்பட்டி சொன்னதும் சரியென்றால், அது யாருடைய கை?

வளாகத்துக்குப் போகவில்லை. பஸ் நிலையத்தில் இறங்கி, மானுக்கு டிக்கட் கேட்டுப் பகிடி பண்ணின ஓட்டோக்காரரையே பிடித்து, உவர்மலையில் எங்கள் வீட்டுக்கு விடச் சொன்னேன். அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். இடது கை வெறுங்கை. பட்டி கிடந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. என்னைக் கண்டதும் துருவுகிற கை நின்றது.

"எங்கை அம்மா பட்டி?"

அம்மாவின் கண் பக்கத்து வீட்டுப் பக்கம் போனது. நான் ஓடினேன். அம்மாவும் பின்னால் ஓடி வந்தார்.

நல்லம்மா மாமி கதிரையில் இருந்து மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் சாம்பல் நிறம், நெற்றியெல்லாம் வியர்வை. என் அம்மாவின் பட்டி அவர் கையில், வார் எட்டாததால் சிவப்பு நூல் போட்டு முடிந்தபடி. என் கைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன், கணினி அனுப்பிய எச்சரிக்கை. இருபத்திரண்டாம் இலக்கம், அவசரம் என்று எழுதி, கீழே அம்மாவின் பெயர். அம்மா என் பக்கத்தில் நின்று மாமியின் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஓட்டோக்காரர் இன்னும் போகவில்லை. அவரும் நானுமாகத் தூக்கி ஏற்றினோம்.

டொக்டர் ஷாமிலா இப்போதுதான் வெளியே வந்தார். உயிருக்கு இப்போதைக்குப் பயமில்லையாம். "கிழமைக்கணக்கா நான் தேடின துடிப்பு இதுதான்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஜூன் 21, சனி

அம்மாவோடு கதைத்தேன். நான் கத்தினேன் என்று சொல்வதுதான் சரி.

மாசி மாதத்திலிருந்து நடக்கிறதாம். நான் காலையில் வெளிக்கிட்டதும் பட்டியைக் கழற்றிக் கொண்டுபோய் மாமிக்குக் கட்டுவது, நான் வர முன் வாங்கிக் கட்டிக்கொள்வது. முதலில் மாமிக்கும் ஒன்றும் காட்டவில்லை. வைகாசியில்தான் நோய் முற்றியிருக்கிறது.

"எனக்கு நீ இருக்கிறாய். அவவுக்கு ஆர் இருக்கினம்? நீ இல்லாத நேரத்திலை எண்டாலும் மிசின் அவவைப் பாக்கட்டும் எண்டு நினைச்சன்."

"அது உங்கட பேரிலை எல்லோ அம்மா வரும்!"

"அது ஆற்ற கை எண்டு மிசினுக்குத் தெரியும் எண்டு நினைச்சன். நீதானே சொன்னனி, மிசின் பிழைக்காது எண்டு."

"சரி, டொக்டர் உங்களைக் கண்டிக்கு அனுப்புறன் எண்டு சொன்ன பிறகாவது சொல்லியிருக்கலாம்தானே?"

"ஒரு பிசகு வந்தாலும் உன்ர வேலை போயிடும் எண்டு சொன்னனி. அதுதான் அவவையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்கை கட்டிலிலை அவவைப் படுக்கவைப்பம் எண்டு இருந்தனான்." பிறகு, "கண்டி டொக்டருக்கு எங்களைத் தெரியாதுதானே" என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வட்டிலப்பத்தைச் சந்தேகப்பட்டேன். கடவுச்சொல்லைச் சந்தேகப்பட்டேன். போன கிழமை சிந்துஜன் சொன்னதைக் கேட்டு ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்திருந்தால் மாமி இன்றைக்கு ஒட்சிசன் வைத்துக்கொண்டு படுத்திருக்கமாட்டார். என்னில் எனக்கே கோபம் கோபமாக வருகிறது.

ஜூன் 23, திங்கள்

பேராசிரியரிடம் எல்லாம் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்தார். என் வேலை போகவில்லை. "அந்தப் பிள்ளையிட்டை நீங்கள்தான் போகவேணும்" என்றார்.

ஜூன் 25, புதன்

சாம்பல்தீவுக்கு, சிந்துஜன் வீட்டுக்குப் போனேன். அவனுடைய தாய் கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தார். என்ன பாவம், நான் யார் என்று அவருக்குத் தெரியாது, மகனுக்கு வேலை போன கதையை என்னிடமே சொன்னார். ஊரில் கள்ளக் கணக்குக் காட்டினவன் என்று கதைக்கிறார்களாம். ஒரு நாளும் பொய் சொல்லாத பிள்ளை என்றார். நான் தேத்தண்ணியை விழுங்க முடியாமல் வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் கிணற்றடியிலிருந்து வந்தான். நடந்ததை எல்லாம் சொன்னேன். கயிறு, கிடாரி, அம்மா, மாமி. மன்னிப்புக் கேட்டேன். கையைக் கட்டிக்கொண்டு தூணோடு நின்று கேட்டான்.

"அந்த மாமி இப்ப எப்படி?" இதுதான் அவன் முதலில் கேட்டது.

சொன்னேன்.

"எனக்கும் அந்த மாட்டிலை சந்தேகம் வந்தது" என்றான் பிறகு. "நான் போய்க் கேட்டனான். சரியாக் கேக்கத் தெரியேல்லை, அது வேறை. நீங்கள் என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

ஓம் என்றேன். வரும்போது தாய் ஒரு பையில் மாங்காய் போட்டுத் தந்தார். அவன் தடுக்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

கண்டி. மாமிக்கு நேற்று பேஸ்மேக்கர் வைத்தார்கள். அம்மா துணை. கட்டில் மாறிப் படுக்கத் தேவை வரவில்லை, அனுமதித் துண்டில் மாமியின் பெயரையே போட்டுவிட்டார் டொக்டர் ஷாமிலா. அம்மா பக்கத்துக் கட்டில் பெண்களுக்கெல்லாம் முருங்கையிலைப் பக்குவம் சொல்லிக்கொடுக்கிறார்.

ஜூலை 4, வெள்ளி

குளிர். அம்மாவின் இருதயத்துக்கும் மாமியின் இருதயத்துக்கும் இன்று வார நாள்தான். இரண்டும் ஒழுங்காக இருக்கின்றன.

ஜூலை 15, செவ்வாய்

விதியை மாற்றியாயிற்று. இனித் தனியாக இருப்பவர்களுக்குத்தான் முதலில் பட்டி. மாமிக்கு நாற்பதாம் இலக்கம், அளவான வாரோடு. ஒரு கைப்போனும் வாங்கிக் கொடுத்தோம், அதில் பச்சைப் பொத்தானை அமத்த அம்மாதான் பழக்குகிறார். மாமிக்கு எச்சரிக்கை வந்தால் அம்மா போன் எடுக்க வேண்டும். அம்மாவுக்கு வந்தால் மாமி எடுக்க வேண்டும். நான் மூன்றாவது ஆள்.

சிந்துஜன் நேற்று வேலைக்குத் திரும்பினான். பேராசிரியர் எல்லோரையும் கூப்பிட்டு வைத்து, அவன் மேல் ஒரு பிழையும் இல்லை என்று சொன்னார். அவன் தலையாட்டிவிட்டுப் போய்த் தன் கதிரையில் இருந்தான். வேலையில் ஒரு குறையும் இல்லை. முன்னைவிடக் கவனமாகச் செய்கிறான்.

இன்று மத்தியானம் பதினான்காம் தரிப்பிடம் மறுபடியும் சிவப்பு. எனக்கு ஓட்டோக்காரர்கள் மேல் ஒரு எண்ணம் வரத்தான் செய்தது, பொய் சொல்வானேன். பேசாமல் குடையை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இந்த முறை உண்மையாகவே ஒரு வான். திரும்பி வந்தபோது அவன் கேட்டான்.

"ஏழாம் பட்டி இப்ப எந்த மாட்டிலை மிஸ்?"

"வெள்ளைக் கிடாரியிலை."

"போய்ப் பாத்தனீங்களோ?"

"ஓம். காலமை போய்ப் பாத்தனான்."

எழுதிக்கொண்டான். நான் குடையை மடித்து மேசையடியில் வைத்தேன். ஞாயிறு அம்மா அவனைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார், மாமியும் அவனைப் பார்க்க வேணும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று சொன்னேன்.

திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், "பாப்பம் மிஸ்" என்றான்.